வந்தவர் மொழியும் இருந்தவர் சிரிப்பும்

நகைச்சுவைக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென்று கூறி, அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். அச்சூத்திரத்துக்கு உரை கண்ட இளம்பூரணர், பழைய நூற்பா ஒன்றை எடுத்துக்காட்டி, சிரிப்புத் தோன்றும் இடங்களை நிரல்படுத்துகிறார். முடவரின் நடை, பித்தரின் பிதற்றல், குழவியின் மழலை என்று செல்லும் அந்நிரலில், ஆரியர் பேசும் தமிழும் ஓரிடம் பெறுகிறது. வேற்று நிலத்திலிருந்து வந்தவன் நம் மொழியை நாத்தடுமாறிப் பேசினால் கேட்போர் நகைப்பர் என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் இலக்கணகாரர் கண்டு எழுதிவைத்துள்ளனர்.

இவ்வொரு வித்தைக் கொண்டே இன்றைய திரைப்பட நகைச்சுவையில் ஒரு பெருங்கிளை தழைத்திருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்று திரையில் தோன்றுகிறது. அதன் பேச்சு கோணலாக இருக்கிறது. உணவு மிகையாக இருக்கிறது. உறவினர் கூட்டம் வீட்டில் அடங்காமல் வழிகிறது. தந்தை பழம்பெருமை பேசுகிறார். மகளுக்கு மணம் பேசப்படும்போது கலகம் பிறக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கரைப் பற்றியும், தமிழகத்தில் தஞ்சம் புகுந்த ஈழத்தவரைப் பற்றியும் இவ்வகைப் படங்கள் எழுந்துள்ளன. இவற்றைக் கண்டு நாமும் மனம்விட்டுச் சிரித்திருக்கிறோம். அச்சிரிப்பின் இயல்பு யாது? அஃது எப்போது உறவை வளர்க்கிறது, எப்போது ஒரு மக்கட்கூட்டத்தைச் சிறுமைப்படுத்துகிறது? இவ்வினாவை ஆராய்வதற்கு நாம் வாழும் கலஹாவையும் அதனைச் சூழ்ந்த கண்டி மலைநாட்டையும்விடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம். சிங்களக் கிராமமும், தமிழ்த் தோட்டமும், முஸ்லிம்களின் கடைத்தெருவும் கூப்பிடு தூரத்தில் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது. இங்கு ஒருவர் பேச்சு மற்றொருவர் காதில் விழாத நாளில்லை.

கண்டிச் சீமையின் சிங்களக் கிராமங்களில் 'சொக்கரி' என்னும் நாட்டுக்கூத்து நெடுங்காலமாக ஆடப்பட்டு வந்திருக்கிறது. அறுவடை முடிந்தபின், சூடடிக்கும் களத்தில், இரவு வேளையில், பத்தினித் தெய்வத்தின் அருள் வேண்டி அஃது ஆடப்படும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவரும், 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றிச் சிங்கள அரங்குக்குப் புதுவழி கண்டவருமான எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாட்டுக்கூத்தைப் பற்றிய தமது ஆய்வில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். இக்கூத்தின் கதைத்தலைவன் இந்தியாவிலிருந்து மரக்கலம் ஏறி வந்த ஒருவன். ஆண்டி குரு என்பது அவன் பெயர். உடன் வருபவர் அவன் மனைவி சொக்கரியும், பறையா என்னும் ஏவலாளனும் ஆவர். ஆகவே இது புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றைப் பற்றிய நகைச்சுவை நாடகம். கண்டி மலைநாட்டின் மிகப் பழைய நாடகங்களுள் ஒன்று.

ஊருக்கு ஊர் கதை சிறிது வேறுபடினும் அடிப்படை ஒன்றே. வந்தவர்கள் குடியிருக்க இடம் தேடுகிறார்கள், குடிசை கட்டுகிறார்கள், சொக்கரி நெல் குற்றுகிறாள். குருவை நாய் கடிக்கிறது. வைத்தியம் பார்க்க வந்த உள்ளூர் வைத்தியனோடு சொக்கரி ஓடிப்போகிறாள். பின்னர் அவள் மீட்கப்படுகிறாள், குழந்தையும் பிறக்கிறது. உள்ளூர் மொழி விளங்காமல் விழிக்கும் கணவன், அழகும் துடுக்கும் மிக்க மனைவி, அடிபடுவதற்கென்றே படைக்கப்பட்ட ஏவலாளன் ஆகிய மூவரும் பிற்காலத் திரைப்படங்களில் நாம் காணும் வார்ப்புகளின் மூதாதையர் என்பது கண்கூடு. ஏவலாளனின் பெயரையும் நோக்குக. தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் சாதிப்பெயர், கடல் கடந்து வந்து, கோமாளியின் பெயராகிவிட்டது.

எனினும் சொக்கரியின் சிரிப்பில் நஞ்சில்லை. அதற்குக் காரணம் கூத்தின் பொருளிலேயே உள்ளது. அது வளத்தை வேண்டும் சடங்கு. அந்நியத் தம்பதியருக்குப் பிறக்கும் குழந்தை ஊரின் விளைச்சலுக்கு நற்குறி. தன் வயலைத் தானே உழுது வாழ்ந்த கிராமத்துக்கு, குடிசை போட ஒரு துண்டு நிலம் கேட்டு வந்த ஆண்டி போட்டியாளன் அல்லன். அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தபின் ஊருக்குள் இடங்கொடுத்தார்கள்.

இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாறியது. 1820களில் கண்டிப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் இல்லாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியனவாக்கிற்று. அரசு அவற்றைத் தோட்டக்காரருக்கு விற்றது. அந்நிலத்தில் உழைக்கத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட மக்கள் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தோர் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தனர். கலஹாவிலிருந்து தெல்தோட்டை வழியாகச் சென்றால் எட்டக்கூடிய லூல்கந்துர தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலையே இம்மலைகளை மூடியது. நிலத்தை இழந்த சிங்கள விவசாயியின் கண்ணுக்கு, இலண்டனில் அமர்ந்திருந்த பங்குதாரர் புலப்படவில்லை. எதிர்மலையில் கொழுந்து பறித்த தமிழ்ப்பெண்ணே புலப்பட்டாள். பழைய களத்துமேட்டுச் சிரிப்பு கசப்பாக மாறியதன் பொருளாதார அடிப்படை இதுவேயாகும்.

தோட்டத்துக்குள்ளே வேறொரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. இளம் வெள்ளைத் துரைமார் தொழிலாளரை வேலை வாங்குவதற்காகத் தமிழ் கற்கவேண்டியிருந்தது. அவர்களுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இங்கே வா' என்ற பெயரிலேயே ஒரு சிறு கைநூல் கொழும்பில் வெளியாயிற்று. சின்னத்துரையின் சட்டைப்பை வழிகாட்டி என்பது அதன் உபதலைப்பு. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலுக்குக் 'கூலித் தமிழ்' என்றே பெயர். அழைப்பதற்கும் ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் வேண்டிய தமிழே துரைக்கு வேண்டிய தமிழ் என்பதை இத்தலைப்புகளே காட்டிவிடுகின்றன. 

பழைய நூற்பாவின்படி பார்த்தால், துரை பேசிய தமிழே இம்மலைநாட்டின் முதன்மையான நகைப்பொருளாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பிரட்டுக்களத்தில் நின்று துரையின் தமிழைக் கேட்டுச் சிரித்த தொழிலாளிக்கு அன்றைய பேர் விழுமா? பிழைபட்ட தமிழைப் பேசியவன் துரை. ஆயினும் 'கூலித் தமிழ்' என்ற இழிபெயர் அதனைப் பிழையறப் பேசியவர்மீது சுமத்தப்பட்டது. அந்நியனின் கொச்சை தானாகவே சிரிப்பை விளைவிப்பதில்லை. அதனைக் கேட்டு உரக்கச் சிரிக்கும் துணிவு எவருக்கு உண்டு என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். துரையைப் பற்றிய சிரிப்பு இரவில் லயத்துக் காம்பராவுக்குள் அடங்கிக் கிடந்தது. தொழிலாளியைப் பற்றிய சிரிப்போ கடைத்தெருவிலும், பின்னர் மேடையிலும் வெளிப்படையாக உலாவந்தது.

அச்சிரிப்புக்குச் சட்டம் துணைநின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலையிலிருந்து சென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொற்கள் பரவலாக வழங்கிய காலம் இது. இச்சொற்களைச் சிங்களவர் மட்டுமல்லர், தமிழ் பேசிய பிறரும் தயக்கமின்றி ஆண்டனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. தாளில் நாடற்றவன் என்று எழுதப்பட்டவனைப் பேச்சில் கள்ளத்தோணி என்று அழைப்பதற்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. சட்டம் எழுதியதை வசை எளிய மொழியில் பெயர்த்துக் கூறிற்று, அவ்வளவே.

இப்பின்னணியில் திரைப்படத்துக்கு வருவோம். இலங்கையில் உருவான முதல் தமிழ்ப்படமான 'சமுதாயம்' 1962இல் வந்தது. அடுத்த ஆண்டிலேயே 'தோட்டக்காரி' வெளியாயிற்று. ஈழத்துத் தமிழ்ச் சினிமா தன் இரண்டாம் அடியையே தோட்டத்துப் பாதையில் எடுத்துவைத்தது என்பது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் மலையகத் திரையரங்குகளை நிறைத்தவை தமிழ்நாட்டுப் படங்களே. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' தமிழ்த் திரை நகைச்சுவையில் ஒரு மைல்கல் என்பதை எவரும் மறுக்கமாட்டார். நாகேஷும் பாலையாவும் கதை சொல்லும் காட்சியை நினைத்து இன்றும் சிரிக்கிறோம். அப்படத்தின் களம் மலையடிவாரத்து எஸ்டேட். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன், முதலாளியின் வீட்டெதிரே கூடாரமடித்து வேலை கேட்டுப் போராடுகிறான். அப்போராட்டம் ஆட்டமும் பாட்டுமாக நடந்து, காதலில் முடிகிறது. எஸ்டேட்டின் செல்வம் எல்லாக் காட்சிகளிலும் தெரிகிறது. அச்செல்வத்தை விளைவிக்கும் கைகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

இதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 மனிதர்கள் இரு அரசுகளுக்கிடையில் பங்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறிதொரு நாளைக்கு. அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. தமிழ்த்திரை எஸ்டேட் போராட்டத்தை விளையாட்டாக்கிச் சிரிக்கவைத்த ஆண்டில், உண்மையான எஸ்டேட் மக்களின் தலைவிதி புது டில்லியில் எண்களாக எழுதப்பட்டது. கலைஞர்மீது நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவர்கள் கண்ணுக்கு இம்மக்கள் படாததற்குக் காரணமான சமூகத்தைத்தான் சுட்டுகிறோம். அக்கரை சென்றோர் அங்கு 'சிலோன்காரர்' ஆயினர். நீலகிரியில் அவர்களுக்கு வேலையளிக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இங்கு இந்தியன், அங்குச் சிலோன்காரன். இரு கரையிலும் அவன் அந்நியனே.

1970களில் இலங்கைத் தமிழ்த் திரைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1972இல் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இந்தியப் படங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டுப் படங்களுக்கு அரங்கு கிடைத்தது. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் 1975இல் தயாரித்து நடித்த 'புதிய காற்று', தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்து, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான வேளையில் அப்படம் வந்தது என்பதை நினைவிற் கொண்டால் அதன் பெறுமதி விளங்கும்.

மறு ஆண்டு, 1976இல், 'கோமாளிகள்' வந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வர்த்தக ஒலிபரப்பில் வாரந்தோறும் நாட்டையே சிரிக்கவைத்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் நாடகமே திரைப்படமாயிற்று. அதில் நால்வர் முதன்மையானோர். எஸ். ராம்தாஸ் முஸ்லிம் பெரியவரான மரைக்காராகவும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் சிங்களவரான உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தனர். இத்தீவில் தமிழ் எத்தனை வாய்களில் எத்தனை வடிவம் கொள்கிறதோ, அத்தனையையும் ஒரே மேடையில் மோதவிட்டுச் சிரிப்பு விளைத்த படைப்பு அது. வேடப்பெயர்கள் நடிகரோடு ஒட்டிக்கொண்டன. மரைக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே மக்கள் பின்னரும் அழைத்தனர்.

இந்நகைச்சுவையின் சிறப்பு எதில் உள்ளது? மரைக்காராக வாழ்ந்துகாட்டியவர் முஸ்லிம் அல்லர். ஐயராக நடித்தவரோ முஸ்லிம். உபாலியாகத் தடுமாறித் தமிழ் பேசியவர் தமிழர். ஒவ்வொருவரும் அயலவரின் மொழியைக் கூர்ந்து கேட்டு, அதன் ஓசையையும் மரபுத்தொடரையும் கற்று, தம் நாவில் ஏற்றிக்கொண்டனர். ஒருவர் முட்டாளாகும்போது மற்றவர் சிரிப்பர்; அடுத்த கணம் சிரித்தவரே முட்டாளாவார். எவரும் நிரந்தரமாக மேலே இல்லை. வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியதும் 1976இலேதான், அடுத்த ஆண்டில் இனக்கலவரம் மூண்டது, 1983 பின்தொடர்ந்தது. அப்பேரழிவுக்கு முன்னர் இத்தீவின் மக்கள் ஒருவர் பேச்சை மற்றொருவர் இரசித்துச் சிரிக்கக் கூடியவராக இருந்தனர் என்பதற்கு இப்படம் ஒரு சான்று.

ஆயினும் நம் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. அந்நால்வருள் தோட்டத் தொழிலாளி எங்கே? முஸ்லிம் உண்டு, யாழ்ப்பாணத்தார் உண்டு, சிங்களவர் உண்டு, பிராமணர் உண்டு. இத்தீவின் ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதியைத் தம் விரல்நுனியால் ஈட்டித்தந்த மலையகத் தமிழருக்கு அந்த நாற்சந்தியில் இடமில்லை. இதனை எழுதியவரின் வஞ்சனை என்று கொள்ளுதல் சிறுபிள்ளைத்தனம். ஒருவரையொருவர் சமமாக எள்ளி விளையாடும் வட்டத்தில் அமர்வதற்கு, அவ்வட்டத்தில் இருப்பவன் என்று முதலில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். நாடற்றவன் அயலவன் ஆகான். ஆகவே நமது திரையில் மலையகத்தார் கண்ணீர்க் கதைகளின் மாந்தராக நுழைந்தனரேயன்றி, சமமான சிரிப்பின் பங்காளராக நுழையவில்லை. இரக்கத்துக்கு மட்டும் உரியவராக ஒரு மக்களைக் காட்டுவதும் ஒரு வார்ப்பே. கொழுந்துக் கூடையும் வழியும் கண்ணீருமாகவே என்றும் காட்டப்படுபவளுக்குக் குறும்பும் கோபமும் அறிவும் உண்டு என்பதைப் பார்ப்போர் மறந்துவிடுகின்றனர்.

வார்ப்பில் அகப்படுவோர் காலத்துக்குக் காலம் மாறுவர் என்பதற்குத் 'தெனாலி' சான்று. 2000இல் கே. எஸ். ரவிகுமார் இயக்கத்தில் வெளியான அந்நகைச்சுவைப் படத்தில் கமல் ஹாசன், தமிழகத்துக்கு வந்த ஈழத்து அகதியாக யாழ்ப்பாணத் தமிழில் பேசி நடித்தார். காண்பதற்கெல்லாம் அஞ்சுவது அவனது நோய். அவ்வச்சங்களின் நீண்ட பட்டியலே படத்தின் பெருஞ்சிரிப்பு. ஒருகாலத்தில் மலையகத்தாரின் பேச்சைக் கேட்டு நகைத்தவரின் மொழியே இப்போது சென்னை அரங்குகளில் நகைப்புக்கு உரியதாயிற்று. போரைக் கண்டவனின் நடுக்கம் வேடிக்கையானதே என்று மனம் வருந்தினோரும் உண்டு; ஈழத்தமிழை ஒரு பெருநடிகர் மதித்துக் கற்றுப் பேசினார் என்று மகிழ்ந்தோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. 

ஆனால் படம் ஓடிய நாட்களில் மண்டபம் முகாமில் அகதிகள் இருந்தனர். பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புமுன் தடுத்துவைத்துச் சோதித்த அதே மண்டபந்தான் அது. முகாம்களில் இருந்தோருள் மலையக வழிவந்தோரும் பலர். இன்றும் பல்லாயிரவர் தமிழக முகாம்களில் குடியுரிமையின்றி வாழ்கின்றனர். திரையில் தெனாலியை ஏற்றுக்கொண்ட நாடு, முகாமில் உள்ள தெனாலியை ஏற்கவில்லை.

இனி, கிரேக்கரை நோக்குவோம். 2002இல் வெளியான 'மை பிக் ஃபற் கிரீக் வெடிங்' என்ற படம், சிக்காகோ நகரில் உணவகம் நடத்தும் கிரேக்கக் குடும்பம் ஒன்றின் கதை. முப்பது வயதாகியும் மணமாகாத மகள், கிரேக்கரல்லாத ஒரு பள்ளி ஆசிரியரைக் காதலிக்கிறாள். அவர் கிரேக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற பின்னரே மணம் நிகழ்கிறது. உறவினர் படை, ஆட்டிறைச்சி விருந்து, எந்த நோய்க்கும் கண்ணாடி துடைக்கும் திரவத்தையே தெளிக்கும் தந்தை என்று வார்ப்புகளின் பொருட்காட்சியாகவே படம் அமைந்துள்ளது. எச்சொல்லைச் சொன்னாலும் அதற்குக் கிரேக்க வேர் கண்டுபிடித்துக் காட்டும் அத்தந்தையைப் பார்க்கும்போது, தமிழாசிரியராகிய நமக்கு நம் தோழர் சிலர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. ஏறத்தாழ 50 இலட்சம் டொலரில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 36 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது.

இவ்வெற்றியின் முதற்காரணம், அதனை எழுதி நடித்த நியா வர்தலோஸ், கனடாவில் குடியேறிய கிரேக்கக் குடும்பத்தின் மகள் என்பது. தம் வீட்டுக் கதையை முதலில் தனியொருவராக மேடையில் நின்று நடித்துக்காட்டினார். அதுவே பின்னர் திரைக்கதையாயிற்று. வெளியிலிருந்து சுட்டும் விரலாக அச்சிரிப்பு அமையவில்லை. வீட்டுப் பிள்ளை தந்தையைக் கேலிசெய்வதில் உள்ள உரிமையும் பாசமும் அதில் இருந்தன.

எனினும் இதுமட்டும் போதிய விளக்கமாகாது. வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1909ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவின் தென் ஒமாகா நகரில், கிரேக்கர் குடியிருப்பை ஒரு பெருங்கும்பல் தாக்கிச் சூறையாடியது. கிரேக்கன் ஒருவன் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றது உடனடிக் காரணமாயிற்று. இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் கிரேக்கரைக் கொண்டுவந்தனர் என்ற காழ்ப்பு அதன் அடியில் கனன்றுகொண்டிருந்தது. முதலாளிமீது திரும்பவேண்டிய சினம் கூலிமீது திரும்பியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நகரைவிட்டு ஓடினர். 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமோ கிரேக்கத்திலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே வரலாம் என்று கதவடைத்தது. அக்காலத்தில் கிரேக்கரின் உச்சரிப்பைக் கேலிசெய்த சிரிப்பும், 2002இல் திரையரங்கில் எழுந்த சிரிப்பும் ஒன்றாகா. பேச்சின் கோணல் அதேதான். பேசுவோரின் நிலை வேறு. கிரேக்கர் குடிமக்களாகி, கடைக்கும் வீட்டுக்கும் உரிமையாளராகி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய பின்னரே அவர்களின் கலியாணம் எல்லோருக்கும் இனிய வேடிக்கையாயிற்று.

நாம் காண விழைந்த விடை இங்கே கிடைக்கிறது. புலம்பெயர்ந்தவரைப் பற்றிய நகைச்சுவையின் தன்மையை அரங்குக்குள்ளே மட்டும் தேடினால் காணமுடியாது. சிரிப்புக்கு ஆளானவன் அரங்கைவிட்டு வெளியேறியபின் அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். வாக்கும் வீடும் நிலமும் உள்ளவன் தன்னைப் பற்றிய கேலியைத் தானும் இரசிப்பான். மறுநாள் திருப்பியும் கேலிசெய்வான். அவை இல்லாதவனுக்கு அக்கேலி, சட்டம் இழைத்த அவமானத்தின் தொடர்ச்சியாகவே படும்.

மலையக மக்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று எவரும் எண்ணவேண்டா. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதனின் சோகத்துக்கிடையே கோமாளியும் வந்து சிரிக்கவைப்பான். கங்காணியின் அதிகாரத்தையும் துரையின் கொடுமையையும் எள்ளிப் பாடிய நாட்டார் பாடல்கள் பல. அவற்றைத் தேடித் தொகுத்தளித்தவர், வாக்குரிமை பறிக்கப்பட்ட அம்மக்களின் முன்னாள் பாராளுமன்றப் பிரதிநிதி சி. வி. வேலுப்பிள்ளையே. இச்சிரிப்பு படப்பிடிப்புக் கருவி இல்லாத காரணத்தால் திரையேறவில்லை. இன்று அக்கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. மலையக இளைஞர் தம் ஊர்ப்பேச்சிலேயே, தம் பெற்றோரையும் தலைவரையும் கேலிசெய்து, கைப்பேசியில் சிறு காட்சிகள் எடுத்து வெளியிடுகின்றனர். அவற்றுள் பதரும் உண்டு, மணியும் உண்டு. தம்மைப் பற்றிய சிரிப்பைத் தாமே ஆக்கத் தொடங்கிவிட்டனர் என்பதே ஈண்டு நாம் கருதவேண்டியது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. 1948 முதல் 55 ஆண்டுகள் கடந்தன. மூன்று தலைமுறைகள் அதில் கரைந்தன. எனினும் பெருந்தொகையானோர் இன்றும் வெள்ளையர் காலத்து லயங்களிலேயே, தம்முடையதல்லாத நிலத்தில் குடியிருக்கின்றனர். குடியுரிமை தாளில் முழுமை பெற்றது, வாழ்க்கையில் பெறவில்லை. ஆகவே நம் நகைச்சுவையும் முழுமை பெறவில்லை.

ஆசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. பள்ளி மேடையில் ஆண்டுதோறும் நகைச்சுவை நாடகம் போடுகிறோம். சிரிப்பு வேண்டுமென்றால் ஒருவனுக்குச் சாரம் கட்டி, வேற்றூர்ப் பேச்சைப் பேசவைப்பது எளிய வழி. அவ்வழியை நாம் அடைக்கவேண்டியதில்லை. 'கோமாளிகள்' காட்டிய முறையில் அதனைத் திருத்தலாம். பிறன் வேடம் பூணும் மாணவன், அவன் வீட்டுக்குச் சென்று அவன் பேச்சைக் கேட்டுக் கற்று வரட்டும். யார் வேடம் போடப்படுகிறதோ அம்மாணவனும் மேடையில் இருக்கட்டும். மறுமொழி கூறும் உரிமை அவனுக்கும் அளிக்கப்படட்டும். கலஹாவின் கடைத்தெருப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒருவரையொருவர் கேலிசெய்து, மூவரும் சிரிக்கும் நாடகம் ஒன்றை நம் பள்ளிகளிலேனும் எழுதி ஆடுவோம். மேடைக்கு வெளியே, தோட்டத்துப் பிள்ளையின் வீடு நிற்கும் நிலம் அவன் பெற்றோர் பெயரில் எழுதப்படும்வரை குரல் கொடுப்பதும் அதே கடமையின் மறுபாதியாகும்.